கோளும் மீனும்



மாலை வேளையில் அண்ணாந்து பார்க்கும் சிறுவர்கள் கேட்கின்ற கேள்விகள் சில உண்டு. வியாழனில் இறங்கி நின்றால் காலின் கீழ் என்ன இருக்கும்? அது முழுவதும் வாயு என்றால், ஏன் புகை போலக் கலைந்து போகவில்லை? ஐதரசன் தீப்பற்றும் வாயு அன்றோ. அங்கே ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் வியாழன் முழுவதும் எரிந்துவிடுமா? சூரியனும் வாயு, வியாழனும் வாயு. ஒன்றை நட்சத்திரம் என்றும் மற்றொன்றைக் கோள் என்றும் நாம் அழைப்பது ஏன்?

வகுப்பறையில் இத்தகைய கேள்விகள் எழும்போது, பாடத்தில் இல்லாதது என்று ஆசிரியர் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவற்றை ஒதுக்காமற் பின்தொடர்ந்தவர்களின் வரலாறே நவீன வானியலின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதியாகும். வானத்துப் பொருள்களை மனிதன் எந்த எந்த அளவுகோல்களைக் கொண்டு வகுத்தான், அவ்வளவுகோல்கள் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

நம்முடைய முன்னோர் வானத்தில் ஒளிர்வனவெல்லாவற்றையும் மீன் என்றே வழங்கினர். பின்னர் அவற்றுட் பிரிவு கண்டனர். ஒன்றுக்கொன்று இடைத்தூரம் மாறாமல் இரவுதோறும் ஒரே ஒழுங்கில் எழுவன நாண்மீன்கள். அவற்றினூடே இடம் பெயர்ந்து திரிவன கோண்மீன்கள். சங்க நூல்களிற் காணப்படும் பாகுபாடு இதுவே. கிரேக்கரும் இவ்வாறே செய்தனர். அவர்கள் மொழியில் அலைந்து திரிவது என்னும் பொருள் தரும் சொல்லே இன்று ஐரோப்பிய மொழிகளிற் கோளுக்குப் பெயராக நிற்கின்றது. அளவுகோல் ஒன்றே: இடம் பெயர்தல். அந்த அளவுகோலின்படி சூரியனும் சந்திரனும் கோள்களே; பூமி கோள் அன்று. நம்முடைய நவக்கிரகங்களில் இராகு, கேது என்னும் இரண்டுக்கு உடலே கிடையாது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே அவை. ஆயினும் அப்புள்ளிகள் வானத்தில் இடம் பெயர்வன. ஆகவே அவற்றைக் கிரகங்களோடு சேர்த்தெண்ணியது அக்காலத்து அளவுகோலுக்கு முற்றும் பொருந்திய செயலே.

1543ஆம் ஆண்டிலே கொப்பர்னிக்கசின் நூல் வெளிவந்தது. பூமி கோளாயிற்று, சூரியன் கோள் என்னும் நிலையை இழந்தது. இடம் பெயர்வது கோள் என்பதன் இடத்தில், சூரியனைச் சுற்றுவது கோள் என்னும் புதிய அளவுகோல் தோன்றியது. ஆனால் பழைய சொற்கள் உடனே மாறிவிடவில்லை. 1610 சனவரியில் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு சிறு ஒளிகளைத் தம்முடைய தொலைநோக்கியிற் கண்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் கசீனி சனியைச் சுற்றும் இரு பொருள்களைக் கண்டு, 1673இல் வெளியிட்ட தமது நூலுக்கு, சனியைச் சுற்றும் இரு புதிய கோள்கள் என்ற கருத்துடைய பெயரையே சூட்டினார். துணைக்கோள் என்ற தனி வகுப்பு மெல்ல மெல்லத்தான் நிலைபெற்றது.

இதுவரை நாம் கண்ட அளவுகோல்களெல்லாம் இயக்கத்தைப் பற்றியவை. அப்பொருள் எதனால் ஆனது என்னும் கேள்வியை எவரும் வகுப்புக்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை, கொள்ளவும் வழியில்லை. எட்டாத தூரத்திலுள்ள ஒன்றை எவ்வாறு நிறுப்பது?

நிறுக்கும் வழியைக் காட்டியவர் நியூற்றன். ஒரு கோளைச் சுற்றித் துணைக்கோள் ஒன்று எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்திற் சுற்றுகின்றது என்று தெரிந்தால், அக்கோளின் ஈர்ப்பு எவ்வளவு, அதன் திணிவு எவ்வளவு என்று கணித்துவிடலாம். கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் நியூற்றனுக்குத் தராசுத் தட்டுகளாயின. வியாழன் அளவிற் பூமியைப் போல் ஆயிரத்து முந்நூறு மடங்கு பெரியது; திணிவிலோ 318 மடங்குதான் பெரியது. அவ்வாறாயின் அதன் அடர்த்தி பூமியின் அடர்த்தியில் நாலில் ஒரு பங்கே ஆகின்றது. நியூற்றனின் பெருநூலிலே இவ்விகிதம் ஏறத்தாழச் சரியாகவே தரப்பட்டிருக்கின்றது. சனிக்கு அவர் கண்ட அடர்த்தி பூமியில் ஆறில் ஒரு பங்கு. உண்மையோ எட்டில் ஒரு பங்கு. தண்ணீரிலும் இலேசான ஒரே கோள் சனிதான். கடலில் இட்டால் மிதக்கும் என்று சிறுவர் நூல்களிற் படம் போடுகிறார்கள். சனியை இடக்கூடிய கடல் எங்குமில்லை என்பது ஒருபுறமிருக்க, இட்டால் அது உருண்டையாகவே நின்று மிதக்காது, கலங்கிப் பரவிவிடும் என்பதை அப்படம் சொல்வதில்லை.

இவ்வாறு, பெருங்கோள்கள் கல்லும் மண்ணுமாக இருக்க முடியாது என்பதற்கான சான்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையில் இருந்தது. ஆயினும் நூற்றெழுபது ஆண்டுக்காலம் அதன் பொருளை எவரும் முற்றாக உணரவில்லை. சூரியனுக்கு அருகிலுள்ள கோள்கள் வெப்பத்தைத் தாங்குவதற்காக அடர்த்தி கூடியனவாகப் படைக்கப்பட்டன என்பது நியூற்றன் தந்த விளக்கம். அது அக்காலத்தவருக்குப் போதுமானதாயிருந்தது.

அதற்கிடையில் வானத்துப் பட்டியல் வேறொரு பக்கத்திற் குழம்பத் தொடங்கிற்று. 1781 மார்ச் 13ஆந் திகதி வில்லியம் ஹேர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரில் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு புதிய பொருளைக் கண்டார். வால்வெள்ளி என்றே அதை அவர் அறிவித்தார். பின்னர் அது சனிக்கு அப்பாற் சுற்றும் கோள் என்று தெளிந்தது. யுரேனஸ் எனப் பெயர் பெற்றது. இருபது ஆண்டு கழித்து, 1801 சனவரி முதலாந் திகதி, சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாசி என்னும் துறவி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சீரிஸ் என்பதைக் கண்டார். அங்கே ஒரு கோள் இருத்தல் வேண்டும் என்று பலர் எதிர்பார்த்திருந்தமையால், இது கோளென்றே வரவேற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே பகுதியில் பல்லஸ் காணப்பட்டது. 1804இல் யூனோ, 1807இல் வெஸ்டா.

ஒரே வீதியில் நான்கு கோள்களா? ஹேர்ஷல் இவற்றின் சிறுமையைக் கண்டு, 1802இலேயே, இவை கோள்களாகா, மீன்போன்ற சிறு பொருள்கள் எனக் கருதி இவற்றுக்கெனத் தனிப்பெயர் ஒன்றை வகுத்தார். தாம் கண்ட யுரேனசின் பெருமை குறையாமலிருக்கவே அவர் இவ்வாறு செய்தார் என்று சிலர் குறை கூறினர். எவ்வாறாயினும் உலகம் அவரைப் பின்பற்றவில்லை. 1807 முதல் 1845 வரை ஐரோப்பியப் பாடநூல்கள் பதினொரு கோள்களைக் கூறின. ஒரு தலைமுறை முழுவதும் பதினொன்று என்றே மனனஞ் செய்தது. 1845இல் மற்றொரு சிறுபொருள் தென்பட்டது. 1846 செப்டெம்பர் 23ஆந் திகதி, லெவெரியே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கணிதம் காட்டிய இடத்திலேயே பெர்லினில் நெப்தியூன் அகப்பட்டது. அதன்பின் சிறுபொருள்கள் ஆண்டுதோறும் வந்து குவியத் தொடங்கின. எண்ணி மாளாது என்று கண்ட பின்னரே சீரிசும் அதன் கூட்டமும் கோள் வரிசையினின்று நீக்கப்பட்டுச் சிறுகோள்கள் எனப்பட்டன. எந்தச் சபையும் கூடி இதைத் தீர்மானிக்கவில்லை. நூலாசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பட்டியலை மாற்றினர், அவ்வளவே. 2006ஆம் ஆண்டில் எழுந்த கூக்குரலை நினைக்கும்போது இவ்வமைதி வியப்பைத் தருகின்றது.

இனி, பொருள் எதனால் ஆனது என்னும் கேள்விக்கு வருவோம்.

1859இல் கேர்க்கோவும் புன்சனும் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் ஒளியைப் பகுத்து அதிலுள்ள கோடுகளைக் கொண்டு மூலகங்களை அறியும் முறையை நிறுவினர். எட்டாத பொருளின் இரசாயனத்தை அறிய இது வழி வகுத்தது. 1868 ஓகஸ்ட் 18ஆந் திகதி நிகழ்ந்த முழுச் சூரியகிரகணத்தை ஆராய ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தார். அக்கிரகணத்தின்போதும் அதை அடுத்த மாதங்களிலும் சூரிய ஒளியிற் காணப்பட்ட மஞ்சட் கோடு ஒன்று பூமியில் அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் உரியதன்று என இங்கிலாந்தின் லொக்கியர் கண்டார். சூரியனுக்குரிய கிரேக்கப் பெயரைக் கொண்டு அதற்கு ஈலியம் என்று பெயரிட்டார்கள். வியாழனிலும் சனியிலும் ஐதரசனுக்கு அடுத்தபடி நிறைந்திருப்பது இந்த ஈலியமே என்பது அன்று எவருக்கும் தெரியாது.

அக்காலத்தார் வியாழனைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து வேறு. அதன் முகிற் பட்டைகள் நாள்தோறும் மாறுவதையும் கொந்தளிப்பதையும் கண்ட றிச்சட் புரொக்டர் என்பவர், வியாழன் இன்னும் ஆறாத வெப்பக் கோளம், அணைந்துகொண்டிருக்கும் சிறு சூரியன் போன்றது என்று 1870ஆம் ஆண்டளவில் எழுதினார். மிகப் பிரபலமான கொள்கை அது. 1920ஆம் ஆண்டுகளில் அக்கொள்கை வீழ்ந்தது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹரல்ட் ஜெஃப்ரீஸ், வியாழன் இத்தனை காலம் வெப்பமாக இருந்திருக்க முடியாது என்று கணித்துக் காட்டினார். அமெரிக்க ஆய்வாளர் அளந்தபோதும் முகிலின் மேற்புறம் உறைநிலைக்கு நூறு பாகைக்கும் கீழே கிடந்தது. வெந்நெருப்பென்று நினைத்தது கடுங்குளிராயிற்று.

இங்கே ஒரு பெண்ணின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலவில்லை. சிசிலியா பெய்ன் என்பவர் 1900இல் இங்கிலாந்திற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் கற்றார், ஆனால் அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் வானாய்வுக் கூடத்தில் நட்சத்திர ஒளிப் படங்களை ஆராய்ந்தார். கல்கத்தாவில் இருந்து மேகநாத சாகா 1920இல் வெளியிட்ட சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டு, நட்சத்திரங்களில் எந்த மூலகம் எவ்வளவு என்று கணித்தார். விடை எல்லாரையும் திகைக்கச் செய்தது. நட்சத்திரங்களும் பூமியைப் போல இரும்பும் கல்லுமான பொருளாலானவை என்பது அன்றைய கொள்கை. பெய்னின் கணிதமோ, அவை பெரும்பாலும் ஐதரசன் என்றது. பிறின்ஸ்ரனில் இருந்த பெரும் பேராசிரியர் ஹென்றி நொறிஸ் ரசல் இதை ஏற்கவில்லை. அவர் சொற்படி, தம்முடைய 1925ஆம் ஆண்டு ஆய்வு நூலிலே, இவ்விடை உண்மையாயிருக்க முடியாதென்ற கருத்துப்பட அவ்விளம்பெண் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டு கழித்து, வேறு வழியால் அதே முடிவுக்கு ரசலே வந்து சேர்ந்தார். பெய்ன் ஹார்வர்டில் முழுப் பேராசிரியராக நியமிக்கப்பட்டது 1956இல்.

அவர் கண்டது நட்சத்திரங்களைப் பற்றியது. ஆனால் பெருங்கோள்களின் புதிரையும் திறக்கும் திறவுகோல் அதுவே. பேரண்டத்தில் மிகுதியாகக் கிடைப்பது ஐதரசன் என்றால், நியூற்றன் கண்ட இலேசான கோள்கள் எதனால் ஆனவை என்பதற்கு வேறு விடை தேட வேண்டியதில்லை. 1932இல் றூபேட் வில்ட் என்னும் ஜேர்மானியர் வியாழனின் ஒளியிற் கண்ட கரும்பட்டைகள் மெதேனும் அமோனியாவும் விளைப்பன என்று காட்டினார். கரியும் நைதரசனும் ஐதரசனோடு கூடிய பொருள்கள் இவை. ஐதரசன் மிகுந்த இடத்திலேயே இவை உண்டாகும். 1952 நவம்பரில் வியாழன் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அந்த ஒளி சடுதியாக அணையாமற் படிப்படியாக மங்கியதை அளந்த பௌம், கோட் என்னும் இருவர், வியாழனின் மேல்வளி ஐதரசனும் ஈலியமும் கலந்த இலேசான வளியே என்று கணித்தனர். அதே 1952இல், ஜேம்ஸ் பிளிஷ் என்னும் அமெரிக்கக் கற்பனைக்கதை எழுத்தாளர் ஒருவர், வாயு அரக்கன் என்ற பொருளுடைய தொடரைத் தம் கதையில் வழங்கினார். அறிஞர் சபைகள் தேடிக்கொண்டிருந்த வகுப்புப் பெயர் கதையொன்றிலிருந்து கிடைத்தது. நாம் வாயுக் கோள் என்கிறோம்.

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கு உகந்த செய்தி ஒன்று. 1955இன் தொடக்கத்தில் பேர்னாட் பேர்க், கெனத் ஃபிராங்க்ளின் என்னும் இரு இளைஞர் வாஷிங்டனுக்கு அருகே ஒரு வயலில் வானொலி அலைகளைப் பிடிக்கும் கம்பிகளை நாட்டி வானத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். 22 மெகாசைக்கிள் அளவில், அதாவது சிற்றலை வரிசையில், இரவிற் குறித்த நேரத்தில் ஓர் இரைச்சல் வந்து குறுக்கிட்டது. பண்ணையாள் எவராவது இரவில் மோட்டார் வண்டியில் வீடு திரும்புகிறாராக்கும் என்று முதலில் நினைத்தார்கள். பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவ்விரைச்சல் நட்சத்திரங்களைப் போல நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருவது தெரிந்தது. மேலும் நுணுகிப் பார்க்க, அது நட்சத்திரங்களுக்கிடையே சிறிது சிறிதாக இடம் பெயர்ந்தது. இடம் பெயர்வது எது? கோண்மீன். பண்டை மக்களின் அளவுகோலே இங்கு துணை செய்தது. இரைச்சலை அனுப்பியது வியாழன்.

இவ்வலைகளுக்குக் காரணம் வியாழனைச் சூழ்ந்த வலிய காந்தமண்டலம். வாயுவிற் காந்தம் எங்கிருந்து வந்தது? 1935இலேயே விக்னர், ஹன்ரிங்ரன் என்னும் பௌதிக அறிஞர், மிகக் கடுமையான அமுக்கத்தில் ஐதரசன் உலோகத்தைப் போல மின்னைக் கடத்தும் என்று கணித்திருந்தனர். பூமியின் மேற்பரப்பில் நம்மை அழுத்தும் காற்றினும் பத்துலட்சம் மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் வியாழனின் உட்புறத்தில் உண்டு. ஆகவே அதன் உட்பகுதியில் இருப்பது வாயுவே அன்று. உலோகக் குணம் படைத்த ஐதரசனாலாகிய ஒரு திரவக் கடல். 1996இல் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் கணப்பொழுதுக்கு அத்தகைய திரவ ஐதரசனை உண்டாக்கி அதன் மின்கடத்தலையும் அளந்தனர். ஆகவே வாயுக் கோள் என்னும் பெயர் அரைகுறையான பெயரே.

இனிச் சிறுவனின் முதற் கேள்விக்கு விடை கூறலாம். வியாழனில் நிற்க முடியாது. நிலம் என்ற ஒன்று அங்கு இல்லை. 1995 டிசெம்பர் 7ஆந் திகதி, கலிலியோவின் பெயர் பூண்ட அமெரிக்க விண்கலம் அனுப்பிய ஆய்வுப் பேழை ஒன்று, வினாடிக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் வியாழனின் வளியுட் புகுந்தது. குடைமிதவை விரித்துக் கீழிறங்கி, ஏறக்குறைய ஒரு மணிநேரம் செய்தி அனுப்பியது. இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது, வெப்பமும் அமுக்கமும் ஏறின, காற்று பலத்தது. அமுக்கம் நம் காற்றினும் இருபத்திரண்டு மடங்கு, வெப்பநிலை நூற்றைம்பது பாகை செல்சியசு என்ற நிலையிற் பேழையின் பேச்சு நின்றுபோயிற்று. அது கடந்திருந்த ஆழம் சுமார் 150 கிலோமீற்றர். வியாழனின் ஆரையோ 70,000 கிலோமீற்றர். மாம்பழத் தோலில் ஊசிமுனை பட்ட அளவுகூட இல்லை. அதற்குக் கீழே வாயு மெல்ல மெல்லத் தடித்துத் திரவமாகின்றது. இங்கே வாயு முடிந்தது, இங்கே கடல் தொடங்கிற்று என்று காட்டக்கூடிய கரை ஒன்றில்லை. நடுவிலாவது கல்லுருண்டை ஒன்று இருக்கும் என்று நெடுங்காலம் படம் வரைந்தார்கள். 2016 முதல் வியாழனைச் சுற்றி வந்த யூனோ என்னும் கலம் அதன் ஈர்ப்பை நுணுக்கமாக அளந்தது. அவ்வளவைகளின்படி, கனமான பொருள்கள் ஒன்றாகத் திரண்டிராமல், ஐதரசனோடு கலந்து பரந்து கிடக்கின்றனவென்று இப்போது கருதுகிறார்கள்.

கலைந்து போகாமைக்குக் காரணம் அதன் திணிவுதான். முகில் மட்டத்தில் வியாழனின் ஈர்ப்பு நம்முடையதைப் போல இரண்டரை மடங்கு. அக்குளிரில் ஐதரசனும் அதன் பிடியைவிட்டு ஓடமாட்டாது.

தீக்குச்சிக் கேள்விக்கு விடை இன்னும் எளிது. தீ என்பது ஒட்சிசனோடு கூடும் செயல். வியாழனிலே தனித்த ஒட்சிசன் இல்லை. உள்ள ஒட்சிசன் பெரும்பாலும் ஐதரசனோடு கூடி நீராகவே இருக்கின்றது. தீக்குச்சி எரியவே மாட்டாது. ஆனால் அங்கே மின்னல் உண்டு. மெதேன், அமோனியா முதலியன கலந்த வளியில் மின்பொறி செலுத்தினால் என்ன விளையும் என்று அமெரிக்க விண்வெளி நிலையத்தின் ஆய்வுகூடத்திற் பார்த்தவர், நம் நாட்டுக் காலியில் 1923இற் பிறந்த இரசாயன அறிஞர் சிறில் பொன்னம்பெரும. 1969இல் அவரும் துணைவர் ஒருவரும் வெளியிட்ட ஆய்விலே, அவ்வாறு செய்தபோது செந்நிறமான சேதனப் பொருள்கள் உண்டாயின என்று கூறப்பட்டது. வியாழனின் முகில்களிற் காணும் செம்மைக்கு இத்தகைய பொருள்களே காரணமாகலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டியது.

நட்சத்திரம் எரிவது இவ்வகை எரிதலன்று. அதன் நடுவில் நான்கு ஐதரசன் கருக்கள் சேர்ந்து ஓர் ஈலியக் கருவாகின்றன. அச்சேர்க்கையில் வெளிப்படும் சத்தியே ஒளி. இதற்கு ஒரு கோடி பாகையை ஒட்டிய வெப்பநிலை வேண்டும். அவ்வெப்பத்தை உண்டாக்கப் பெருந்திணிவின் அழுத்தம் வேண்டும். எவ்வளவு திணிவு? 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய சிவ் குமார் இக்கேள்வியை ஆராய்ந்தார். சூரியனின் திணிவில் நூற்றுக்கு ஏழு பங்கிலும் குறைந்த வாயுத்திரள் எவ்வளவுதான் சுருங்கினாலும் நிலையாக ஐதரசனை எரிக்கும் நிலையை அடையாது என்று அவர் காட்டினார். வியாழனை அலகாகக் கொண்டாற் சுமார் எழுபத்தைந்து வியாழன்கள். ஆகவே வியாழனைத் தோற்றுப்போன நட்சத்திரம் என்று சிலர் எழுதுவது மிகைக்கூற்று. தேர்வில் நூற்றுக்கு ஒன்றரைப் புள்ளி பெற்றவனை, சிறிது தவறிவிட்டான் என்று சொல்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். 1956 முதல் இந்நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1982இல் எழுதிய நாவலில் வியாழனைச் சூரியனாக மாற்றிக் காட்டினார். அதற்கு அவர் வேற்றுலகத்தாரின் உதவியை நாடவேண்டியிருந்தது. அறிவியலறிந்த எழுத்தாளராகையால் வியாழனைத் தானாகப் பற்றிக்கொள்ள அவர் விடவில்லை.

எனினும் புரொக்டர் சொன்னதில் ஒரு துளி உண்மை மிஞ்சிற்று. வியாழன் சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கை வெளிவிடுகின்றது. பிறந்தபோது சுருங்கியதால் விளைந்த வெப்பம் இன்னும் ஆறித் தீரவில்லை.

சிவ் குமார் கணித்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட பொருள்களுக்கு 1975இல் ஜில் ராற்றர் என்னும் அம்மையார் பழுப்புக் குறுமீன் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பெயர் முன்னே வந்தது. பொருள் பின்னே வந்தது. இருபது ஆண்டு தேடிய பின் 1995இலேயே ஐயத்துக்கிடமின்றி அவை கிடைத்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் மேயர், கெலோ என்னும் இருவர், பெகாசஸ் மண்டலத்தில் உள்ள ஒரு சூரியனை நான்கே நாளிற் சுற்றிவரும் வியாழனையொத்த கோள் ஒன்றை அறிவித்தனர். ஒரே ஆண்டில் வகுப்பின் இரு வேலிகளும் ஆட்டங்கண்டன. குளிர்ந்த தூரத்திலேதான் வாயுக் கோள் இருக்கும் என்ற எண்ணம் போயிற்று. கோளுக்கும் மீனுக்கும் நடுவே மற்றோர் இனம் உண்டென்பதும் உறுதியாயிற்று. விந்தை என்னவெனில், ஐம்பது வியாழன் எடையுள்ள பழுப்புக் குறுமீனும் உருவத்தில் ஏறத்தாழ வியாழன் அளவே. திணிவைக் கூட்டினால் அது பருப்பதில்லை, இறுகுகின்றது. பருமனைப் பார்த்து இனம் பிரிக்க இங்கு வழியில்லை. ஆகவே பதின்மூன்று வியாழன் திணிவை ஓர் எல்லையாக வைத்தார்கள். அதற்கு மேற்பட்டால் ஐதரசனின் கனமான வகையாகிய தியூத்திரியம் சிறிது காலம் கருச்சேர்க்கைக்கு உட்படும். கீழ்ப்பட்டால் அதுவும் இல்லை.

யுரேனசையும் நெப்தியூனையும் பற்றி ஒரு சொல். பல ஆண்டுகள் இவ்விரண்டும் வாயுக் கோள் வரிசையிலேயே வைக்கப்பட்டிருந்தன. இவற்றின் அடர்த்தியோ வேறு கதை கூறியது. ஐதரசனும் ஈலியமும் இவற்றின் எடையிற் சிறுபகுதியே. மிகுதி நீர், அமோனியா, மெதேன் முதலியவற்றாலானது என்று கருதப்படுகின்றது. வொயேஜர் இரண்டாவது கலம் 1986இலும் 1989இலும் இவற்றைக் கடந்து சென்றபின், பனிப் பெருங்கோள்கள் என்ற தனி வகுப்பு வழக்கில் ஊன்றிற்று. ஆனால் அங்கே உள்ளது நாம் அறிந்த பனிக்கட்டி அன்று. ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் அழுந்திக் கிடக்கும் திரவம்.

புளூட்டோவின் கதை எல்லோரும் அறிந்ததே. 1930 பெப்ரவரி 18ஆந் திகதி கிளைட் ரொம்போ கண்டது. ஒக்ஸ்போட்டில் வாழ்ந்த பதினொரு வயதுச் சிறுமி பெயர் சொன்னது. பூமியளவு என்று முதலில் எண்ணிய அதன் திணிவு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வந்தது. 1978இல் அதன் துணைக்கோள் தென்பட்டதும், நியூற்றனின் தராசு மீண்டும் உதவியது. பூமியில் நானூற்றைம்பதில் ஒரு பங்கு என்று கண்டார்கள். 1992 முதல் அப்பகுதியில் வேறு பொருள்கள் அகப்படத் தொடங்கின. 2005இல் ஏரிஸ் அறிவிக்கப்பட்டது. அதன் திணிவோ புளூட்டோவினும் அதிகம். சீரிசுக்கு நேர்ந்ததே புளூட்டோவுக்கும் நேர்ந்தது. 2006 ஓகஸ்ட் 24ஆந் திகதி பிராக் நகரிற் சர்வதேச வானியற் சங்கம் கூடியது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையை அண்டிய இடத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என மூன்று நிபந்தனைகள் விதித்தது. மூன்றாவதிற் புளூட்டோ தவறிற்று. சீரிசோ சிறுகோள் நிலையிலிருந்து குறுங்கோள் என்னும் நிலைக்கு ஏறிற்று.

இவ்வரைவிலக்கணத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன. அவற்றைத் தன் ஈர்ப்பால் ஆட்டிவைப்பது வியாழனே என்று சமாதானங் கூறப்படுகின்றது. வியாழனைச் சுற்றும் கனிமீட் புதனினும் பருமனிற் பெரியது. எனினும் அது துணைக்கோளே. எல்லாவற்றுக்கும் மேலாக, எதனால் ஆனது என்பதைப் பற்றி இவ்விலக்கணம் வாய் திறப்பதில்லை. கல்லுருண்டையாகிய புதனும் ஐதரசக் கடலாகிய வியாழனும் ஒரே பெயரில் அடங்குகின்றன. ஒளிப்பகுப்பு, வானொலி, விண்கலம் என இத்தனை வழிகளாற் பொருளின் இயல்பை அறிந்த பின்னரும், வகுப்பதற்கு இயக்கத்தையே நாடுகிறோம். ஆயினும் இதனிற் சிறந்த இலக்கணம் ஒன்றை எவரேனும் கூறினால், அதிலும் இதைப்போல ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். சீரிஸ் நீங்கியபோது எவரும் அழவில்லை. புளூட்டோ நீங்கியபோது குழந்தைகள் கடிதம் எழுதினார்கள். எண்ணி மனனஞ் செய்த பட்டியலிலிருந்து ஒன்று குறைவதை மனம் எளிதில் ஏற்பதில்லை.

மேலும் அந்த இலக்கணம் நம் சூரியனைச் சுற்றுவனவற்றுக்கு மாத்திரமே உரியது. மார்கழி, தை மாத இரவுகளில், திருவாதிரை மீனையும் அதற்கருகே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அம்மூன்றின் ஒரு முனைக்கு அருகே இளம் நட்சத்திரக் கூட்டம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் அக்கூட்டத்தினுள், எந்தச் சூரியனையும் சுற்றாது தனித்து மிதக்கும் பொருள்கள் பல காணப்பட்டன. அவற்றுட் சிலவற்றின் திணிவு ஐந்து முதற் பதினைந்து வியாழன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சூரியனைச் சுற்றாமையால் 2006ஆம் ஆண்டின் இலக்கணம் அவற்றைத் தொடாது. ஐதரசனை எரிக்காமையால் அவை நட்சத்திரமும் ஆகா. பதின்மூன்றுக்குக் கீழே நிற்பவற்றைப் பழுப்புக் குறுமீன் என்றும் சொல்ல முடியாது. சில ஆய்வாளர் அவற்றைத் தனிக்கோள் என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் குறைமீன் என்கிறார்கள். அவை இன்னும் மெல்லக் குளிர்ந்துகொண்டே இருக்கின்றன.